எஸ்ஸவீராவில் கைவினைப் பொருள் வாங்குவது எப்படி? வரிசைப்படி ஒரு முழுமையான வழிகாட்டி

மொராக்கோவின் அட்லாண்டிக் கரையில், மராக்கேஷிலிருந்து பேருந்தில் ஏறத்தாழ மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கிறது எஸ்ஸவீரா. அங்கே புதிதாக வருபவர்களில் பலர், மதிலுக்குள் இருக்கும் பழைய நகரமான மெதினாவில் நுழைந்த சிறிது நேரத்திலேயே ஏதேனும் ஒரு பொருளைக் கையில் எடுத்து விலை கேட்டுவிடுகிறார்கள். தடுமாற்றம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பொருள் எதனால் ஆனது, எங்கே செய்யப்பட்டது, எவ்வளவு கொடுக்கலாம் என்ற மூன்றும் தெரியாத நிலையில் விலை கேட்டால், அதன்பின் பேச்சு முழுவதும் கடைக்காரர் சொன்ன முதல் எண்ணைச் சுற்றியே நடக்கும். ஆகவே கீழே உள்ள வரிசையில், விலை பேசுவது வேண்டுமென்றே பின்னால் வைக்கப்பட்டிருக்கிறது.

இரண்டு இரவாவது தங்குபவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. மராக்கேஷிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்புபவர்கள் 4ஆம் படியை விட்டுவிட்டு, 3ஆம் படியை ஒரு மணி நேரமாகச் சுருக்கிக்கொள்ளலாம். மற்றவற்றைச் சுருக்க வேண்டாம்.

1. புறப்படும் முன்: பணம், சில்லறை, பட்டியல்

திர்ஹாம் மொராக்கோவுக்கு வெளியே தாராளமாகக் கிடைக்கும் நாணயம் அன்று. நாட்டுக்குள் கொண்டுவருவதற்கும் வெளியே எடுத்துச் செல்வதற்கும் 2,000 திர்ஹாம்தான் வரம்பு. எனவே யூரோ, பவுண்டு, டாலர் ஆகியவற்றில் ஒன்றைக் கொண்டுபோய் அங்கே மாற்ற வேண்டும், அல்லது ஏடிஎம்மில் எடுக்க வேண்டும். இந்திய ரூபாயையோ இலங்கை ரூபாயையோ அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகக் கூடாது. பணம் மாற்றும் இடத்தில் தரும் ரசீதைப் பத்திரப்படுத்துவது நல்லது. மிஞ்சிய திர்ஹாமைத் திரும்ப மாற்றும்போது அதைக் கேட்பார்கள்.

ஏடிஎம்கள் பெரும்பாலும் 200, 100 திர்ஹாம் தாள்களையே தருகின்றன. 130 திர்ஹாமுக்குப் பேசி முடித்த பிறகு 200 திர்ஹாம் தாளை நீட்டினால், ‘சில்லறை இல்லை, இன்னொரு பொருள் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்ற பேச்சு வரும். பேசிக் குறைத்ததெல்லாம் அதில் போய்விடும். தங்கும் விடுதியிலும் உணவகத்திலும் பெரிய தாள்களைக் கொடுத்து, 20, 50 திர்ஹாம் தாள்களைத் தனியாகச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பையில் போட வேண்டியவை அதிகமில்லை. மேசை, கண்ணாடிச் சட்டம் போன்றவை பயணப் பெட்டிக்குள் அடங்குமா என்று பார்க்க அளவு நாடா, வாங்கும் மரப்பெட்டிகளின் உட்புறத்தைப் பார்க்கச் சிறு டார்ச், நகைக்காக ஒரு சின்னக் காந்தம், எண்ணெய்ப் புட்டிகளுக்கு ஜிப் பைகள், ஒட்டுநாடா, நொறுங்கும் பொருள்களைச் சுற்றப் பழைய பருத்தித் துணி ஆகியவை போதும்.

இவற்றைவிட முக்கியமானது பட்டியல். யாருக்கு வாங்குகிறீர்கள், அவருக்கு அதிகபட்சம் எவ்வளவு என்று பெயர் பெயராக எழுதிக்கொள்ள வேண்டும். பட்டியல் இல்லாதவர்கள் ஒரே மாதிரியான சின்னப் பெட்டிகளைக் கை நிறைய வாங்கிவிட்டு, முக்கியமான ஒருவருக்கு விமான நிலையத்தில் எதையோ வாங்குவதைப் பலமுறை பார்க்க முடிகிறது.

2. எது இந்த ஊரில் செய்யப்படுவது என்று பிரித்தறிதல்

மெதினாவில் தொங்கும் பொருள்களில் பல வேறு ஊர்ச் சரக்கு. அது குற்றமில்லை, ஆனால் வெளியூர்ச் சரக்குக்கு வண்டிக்கூலியும் இடையில் கைமாறியவர்களின் லாபமும் சேர்ந்திருக்கும், அதைச் செய்தவரையும் இங்கே சந்திக்க முடியாது. எஸ்ஸவீராவிலேயே செய்யப்படுபவை, தரத்தை நேரில் சோதிக்கக்கூடியவை என்று பார்த்தால் துயா மரப் பொருள்கள், ராஃபியா என்ற பனை வகை நாரில் பின்னிய காலணிகள், வெள்ளிக் கம்பி வேலை நகைகள், க்னாவா என்ற மொராக்கோ இசை மரபின் கலைஞர்கள் வாசிக்கும் கருவிகள், உள்ளூர் ஓவியர்களின் படங்கள் ஆகியவை முன்னால் நிற்கின்றன. ஊரைச் சுற்றியுள்ள நிலப்பகுதியில் வளரும் அர்கான் மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெயையும் இதில் சேர்க்க வேண்டும்.

வண்ணம் தீட்டிய மட்பாண்டங்களில் பெரும்பகுதி வடக்கே கடற்கரையில் உள்ள சாஃபி நகரத்திலிருந்து வருகிறது. தோல் பொருள்களும் துளையிட்ட உலோக விளக்குகளும் மராக்கேஷ், ஃபெஸ் போன்ற ஊர்களின் தொழில். அடுத்து மராக்கேஷுக்கோ ஃபெஸ்ஸுக்கோ போகப் போகிறவர்கள் இவற்றை இங்கே வாங்காமல் விட்டுவிடலாம். குளிர்பெட்டிக் காந்தங்களையும் சாவிக்கொத்துகளையும் பற்றிச் சொல்ல எதுவுமில்லை.

3. முதல் சுற்று: பார்ப்பதற்கு மட்டும்

எஸ்ஸவீராவின் மெதினா 18ஆம் நூற்றாண்டில் திட்டமிட்டுக் கட்டப்பட்டதால், ஃபெஸ்ஸைப் போல வழிதவறும் சந்துக்காடாக இல்லை. வடக்கே பாப் துக்காலா வாசலிலிருந்து தெற்கு நோக்கி ஒரே நேர்க்கோட்டில் முதன்மைத் தெரு ஓடுகிறது. சர்க்தூனி, இஸ்திக்லால் என்று அதன் பெயர் மட்டும் மாறிக்கொண்டே போகும். அதற்கு இணையாக, கடல் பக்கம், சீதி முகம்மது பின் அப்துல்லா தெரு செல்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்கான கடைகள் இதில்தான் நெருக்கமாக இருக்கின்றன. கடல் மதிலை ஒட்டிய ஸ்காலா தெருவில், மதிலுக்கு அடியிலேயே வளைவுக் கூரையுள்ள அறைகளில் மரத் தச்சர்களின் பட்டறைகள் இருக்கின்றன.

முதல் சுற்றை ஸ்காலா தெருவில் தொடங்க வேண்டும். கடைக்குப் போகும் முன் பட்டறையைப் பார்த்துவிட்டால், உளி பட்ட மரத்தின் நிறமும் மணமும் கடைசல் வேலை எடுக்கும் நேரமும் மனத்தில் பதிந்துவிடும். பிறகு கடையில் எது சாயம் பூசிய வேறு மரம் என்பது கண்ணுக்கு உடனே தெரியும். அதன்பின் முதன்மைத் தெரு வழியாக சூக் ஜதீத் பகுதிக்கு வரலாம். மீன், மசாலா, பழைய சாமான் ஏலம் என்று உள்ளூர் மக்கள் தங்களுக்காகவே வாங்கும் இடம் இது. நகைக்கடைகளும் இதற்கு அருகில்தான் இருக்கின்றன.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதும் இந்தப் படியின் ஒரு பகுதி. மராக்கேஷிலிருந்து ஒருநாள் பயணமாக வருபவர்களின் வாகனங்கள் முற்பகலில் வந்து மாலைக்குள் திரும்பிவிடுகின்றன. இடைப்பட்ட நேரத்தில் கடைக்காரருக்கு அடுத்த வாடிக்கையாளர் வாசலிலேயே நிற்பதால், அவர் விலையில் இறங்கி வர வேண்டிய அவசியம் இல்லை. கடை திறந்தவுடன், அல்லது மாலை ஐந்து மணிக்குப் பிறகு போனால் பேச அவருக்கும் நேரம் இருக்கும். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகையை ஒட்டிப் பட்டறைகள் பல மூடிவிடும். ரமலான் மாதத்தில் காலை தாமதமாகத் திறந்து, நோன்பு திறக்கும் நேரத்தில் ஊரே வெறிச்சோடி, இரவில் மறுபடி உயிர் பெறும்.

இந்தச் சுற்றில் எதையும் வாங்கவோ விலை கேட்கவோ கூடாது. யாராவது அழைத்தால் ‘சலாம்’ என்று சொல்லி, ‘லா, ஷுக்ரன்’ (வேண்டாம், நன்றி) என்று கையை நெஞ்சில் வைத்து நடந்துவிடலாம். இந்திய முகம் தெரிந்தால் ‘ஷாருக் கான்!’ என்ற கூவல் நிச்சயம் வரும். அது உண்மையான அன்புதான், சிரித்துப் பேசலாம். அதனால் விலை குறையும் என்று மட்டும் எண்ண வேண்டாம். ‘என் அண்ணன் கடை பக்கத்தில்தான், பார்த்தால் போதும்’ என்று அழைத்துச் செல்பவருக்குக் கடைக்காரர் தரகு தருவார், அந்தத் தரகு உங்கள் விலையில் சேரும்.

4. செய்ய நாள் பிடிப்பவற்றை முதலில் சொல்லிவைத்தல்

புதியவர்கள் இந்தப் படியைத்தான் அடிக்கடி தவறவிடுகிறார்கள். ராஃபியா காலணியோ பெயர் பொறித்த மரப்பெட்டியோ கடைசி நாளில் நினைவுக்கு வந்தால், அலமாரியில் இருப்பதைத்தான் எடுத்துக்கொண்டு வர வேண்டும். முதல் நாளே சொல்லிவைத்தால், பாதத்தின் அளவுக்கே பின்னித் தருபவர்கள் உண்டு. சொல்லும்போது மூன்று விஷயங்களைத் தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்: மொத்த விலை, முன்பணம், எந்த நாள் எத்தனை மணிக்குக் கிடைக்கும். ஊரைவிட்டுப் புறப்படும் நாளுக்கு முந்தைய நாளையே கெடுவாகச் சொல்வது பாதுகாப்பு.

காலணியை மாலையில் அணிந்து பார்க்க வேண்டும், ஏனெனில் நடந்து களைத்த கால் சற்று வீங்கியிருக்கும். தோல் நெகிழும் அளவுக்கு ராஃபியா நாளடைவில் நெகிழ்ந்து கொடுக்காது. காலையில் கச்சிதமாகத் தோன்றியது மாலையில் விரலைக் கடிக்கும். அடிப்பகுதி தைக்கப்பட்டதா வெறும் பசையால் ஒட்டப்பட்டதா என்று ஓரத்தை மெல்ல வளைத்துப் பார்த்தால் தெரியும். குதிகால் பக்கத்தில் நார் முனைகள் உள்நோக்கித் துருத்திக்கொண்டிருந்தால் அந்த ஜோடியை விட்டுவிட வேண்டும்.

5. துயா மரப் பொருள்களைச் சோதித்தல்

எஸ்ஸவீராவில் ஒரே ஒரு பொருளுக்கு நல்ல பணம் செலவழிப்பதென்றால் அது துயாவாக இருக்கட்டும். ஆகவே இந்தப் படிக்குச் சற்று நேரம் ஒதுக்க வேண்டும்.

முதலில் மரத்தின் எந்தப் பகுதி என்று பார்க்க வேண்டும். உள்ளூரில் அரார் என்றும் வழங்கும் இம்மரத்தின் அடித்தண்டு நேரான ரேகைகளோடு இருக்கும். மண்ணுக்கு அடியில் வேர்ப்பகுதியில் உருவாகும் முண்டில்தான், கண் கண்ணாகப் புள்ளிகள் நிறைந்த செம்பழுப்பு வடிவங்கள் கிடைக்கும். விலை உயர்ந்தது இந்த முண்டு மரம். ரேகை மரத்தில் செய்த பெட்டியை முண்டு மரத்தின் விலைக்கு வாங்குவது பரவலான தவறு. முண்டைத் தோண்டி எடுத்தால் மரமே அழிந்துபோகிறது என்பதால், சின்னப் பரிசுகளுக்கு ரேகை மரப் பொருள்களே போதும் என்பது என் கருத்து.

அடுத்து மணம். மூடியைத் திறந்து உட்புறத்தை முகர வேண்டும், ஏனெனில் வெளிப்புறத்தில் வார்னிஷ் மணமே மேலோங்கும். துயாவுக்குத் தேவதாரும் மிளகும் கலந்தாற்போன்ற ஒரு கூர்மையான மணம் உண்டு. உள்ளே வெறும் சாய நெடி அடித்தாலும், துணியால் அழுத்தித் துடைக்கும்போது பழுப்பு நிறம் ஒட்டிக்கொண்டாலும் அது வேறு மரம்.

மூன்றாவது, கட்டுமானம். ஒரு பெட்டியைக் கையில் எடுத்தால் முதலில் தலைகீழாகத் திருப்ப வேண்டும். பலர் மேல்மூடியின் அழகிலேயே நின்றுவிடுகிறார்கள். சோம்பல் எல்லாம் அடிப்பகுதியில்தான் ஒளிந்திருக்கும். அடிப்பலகை மெல்லிய பிளைவுட்டாக இருந்து, அதன்மேல் துணி ஒட்டியிருந்தால் பெட்டியின் மற்ற பகுதிகளும் மேலே துயாத் தகடு ஒட்டியவையாக இருக்க வாய்ப்புண்டு. மூடியின் விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தால், மேற்பரப்பின் புள்ளி வடிவம் விளிம்பிலும் தொடர வேண்டும். விளிம்பில் வேறு நிறத்தில் ஒரு கோடு தெரிந்தால் அது ஒட்டுத் தகடு. மேசை போன்ற பெரிய பொருள்களில் தகடு ஒட்டுவது முறையான வழக்கம்தான். ஆனால் அதை முழு மரம் என்று சொல்லி விற்கக் கூடாது.

பிறகு மூடியை மெதுவாக மூடிப் பார்க்க வேண்டும். ஒரு மூலை முன்னதாகத் தொட்டு, எதிர்மூலை கடைசியில் விழுந்தால் மூடி முறுக்கிக்கொண்டிருக்கிறது. கீலில் உள்ள திருகாணிகள் சமமாகப் பதிந்திருக்கின்றனவா, மூடியைத் திறந்தபடி நிறுத்தினால் பெட்டி பின்பக்கம் சாய்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். எலுமிச்சை மரம், முத்துச்சிப்பி, உலோக இழை ஆகியவற்றைப் பதித்த வேலைப்பாடுகளில், நகத்தைப் பரப்பின்மீது குறுக்காக இழுத்தால் எங்கும் தட்டக் கூடாது. தட்டும் இடத்தில் பதித்த துண்டு எழும்பத் தொடங்கியிருக்கிறது. இடைவெளிகளில் கறுப்புப் பசை நிரப்பியிருப்பது டார்ச் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியும். சிப்பி சாய்த்துப் பார்க்கும்போது நிறம் மாறும், பிளாஸ்டிக் ஒரே வெண்மையாக நிற்கும்.

சாவி ஒளித்து வைத்த ரகசியப் பெட்டிகளைக் குழந்தைகளுக்கு வாங்குபவர்கள் அதிகம். கடைக்காரர் திறந்து காட்டுவதைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு வராமல், நீங்களே சில முறை திறந்து மூட வேண்டும். எந்தத் துண்டை எந்தப் பக்கம் நகர்த்துவது என்பதைச் செல்பேசியில் ஒரு காணொளியாக எடுத்துக்கொள்வதும் நல்லது. வீட்டுக்கு வந்தபின் திறக்கத் தெரியாமல் நெம்பி உடைத்தவர்கள் உண்டு.

எஸ்ஸவீராவின் காற்றில் ஆண்டு முழுவதும் ஈரம் இருக்கிறது. அங்கே இறுக்கமாகப் பொருந்தும் பெட்டி, ஏசி ஓடும் அறையிலோ குளிர்காலத்தில் சூடேற்றிய ஐரோப்பிய வீட்டிலோ வறண்டு சுருங்கலாம். அதனால் அகலமான ஒரே பலகையில் செய்த பெரிய தட்டுகளைவிட, சிறிய துண்டுகளைச் சேர்த்துச் செய்தவை நெடுநாள் தாங்கும்.

6. வெள்ளி நகை

தெருவோரத்திலும் சுற்றுலாக் கடைகளிலும் ‘பெர்பர் வெள்ளி’ என்று விற்கப்படுவதில் நிறைய நம்மூரில் ஜெர்மன் சில்வர் என்று சொல்லும் கலப்பு உலோகம். பாணிக்காக வாங்குவதில் தவறில்லை, வெள்ளி விலை கொடுப்பதுதான் தவறு. காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு இருக்கிறது; ஒட்டாவிட்டால் வெள்ளி என்று பொருளல்ல, செம்பும் நிக்கல் கலவைகளும்கூடப் பெரும்பாலும் ஒட்டுவதில்லை. ஆகவே காந்தத்தைக் கழித்துக்கட்டுவதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும்.

வெள்ளிக்காகவே வாங்குபவர்கள் நகைக்கடைகளுக்குப் போய், 925 முத்திரையைப் பார்த்து, தராசில் எடை போடச் சொல்ல வேண்டும். கிராமுக்கு என்ன விலை, செய்கூலி எவ்வளவு என்று பிரித்துக் கேட்டால் நேர்மையான கடைக்காரர் பிரித்தே சொல்வார். நகைக்கடையில் நாம் பழகிய அதே கணக்குத்தான். எடை போட மறுக்கும் கடையில் வெள்ளி வாங்க வேண்டாம். கம்பி வேலை நகைகளில் பற்ற வைத்த இணைப்புகளும், காதணியின் கொக்கியும் முதலில் விட்டுப்போகும் இடங்கள்.

7. அர்கான் எண்ணெய்

இது இரண்டு வகை. கொட்டைப் பருப்பை வறுத்து ஆட்டினால் உணவுக்கான எண்ணெய்; வறுக்காமல் ஆட்டினால் தோலுக்கும் முடிக்கும் பூசும் எண்ணெய். முதல் வகை அடர்ந்த பொன்னிறமாக, வறுத்த கடலை போன்ற மணத்தோடு இருக்கும். இரண்டாவது வெளிறிய நிறம், மிக மெல்லிய மணம். இரண்டையும் மாற்றி வாங்கிவிட்டு, தலையில் வறுத்த வாடையோடு அலைபவர்கள் குறைவில்லை. மணமே இல்லாமல் தண்ணீர் போலத் தெளிந்து இருப்பது மிகையாகச் சுத்திகரிக்கப்பட்டதாகவோ வேறு எண்ணெய் கலந்ததாகவோ இருக்கலாம்.

ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். அந்தப் பருப்பைப் பெறப் பெண்கள் மிகக் கடினமான ஓட்டைக் கல்லில் வைத்துக் கையால் உடைக்கிறார்கள். இந்த உழைப்பைக் கணக்கிட்டால், சாலையோரம் பழைய தண்ணீர்ப் புட்டிகளில் மலிவாகக் கிடைப்பது தூய அர்கானாக இருக்க முடியாது என்பது விளங்கும்.

பெண்கள் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்குவது நல்ல வழி. ஆனால் ‘கூட்டுறவு’ என்று பலகை வைத்த தனியார் கடைகளும் மராக்கேஷ் சாலையில் வரிசையாக உண்டு. முன்னறையில் இரண்டு மூன்று பெண்கள் உட்கார்ந்து உடைத்துக் காட்டுவது மட்டும் சான்று ஆகாது. ஆட்டும் இயந்திரத்தையும் வடிகட்டும் இடத்தையும் பார்க்கலாமா என்று கேளுங்கள், எண்ணெய் அங்கேயே ஆட்டப்பட்டதா என்பது தெரிந்துவிடும். வழியில் மரத்தின்மேல் ஆடுகள் நிற்கும் காட்சியைக் காட்டிப் பணம் கேட்பார்கள். ஆடுகள் அர்கான் மரத்தில் ஏறுவது உண்மையே, ஆனால் சாலையோரத்தில் நாள் முழுதும் நிற்பவை பெரும்பாலும் ஏற்றி நிறுத்தப்பட்டவை.

புட்டி அடர்நிறக் கண்ணாடியாக இருக்க வேண்டும், வெளிச்சம் பட்டால் எண்ணெய் கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும். உற்பத்தித் தேதியும் தொகுதி எண்ணும் அச்சிட்டிருக்க வேண்டும். ஓராண்டுக்குள் தீர்க்கக்கூடிய அளவே வாங்குவது நல்லது. பாதாம், தேன், அர்கான் எண்ணெய் சேர்த்து அரைத்த அம்லூ என்ற தொடுகறியை எண்ணெயைவிட வீட்டில் எல்லாரும் விரும்புவார்கள் என்பது என் கணிப்பு. ரொட்டிக்கு மட்டுமல்லாமல் தோசைக்கும் பொருந்துகிறது.

8. மற்றவை, சுருக்கமாக

க்னாவா இசையின் இரும்புத் தாளமான கர்க்கபாவை வாங்கும்போது இரண்டு கைக்கும் உரிய இரு ஜோடிகள் இருக்கின்றனவா என்று பார்த்து, தட்டி ஓசை கேட்க வேண்டும். மெல்லிய தகட்டில் செய்த அலங்கார வகை டப்பா போல ஒலிக்கும். மூன்று நரம்புள்ள கிம்ப்ரியை வாசிப்பதற்காக வாங்குபவர், அடிப்பகுதி ஒரே மரத்தைக் குடைந்து செய்ததா என்று உள்ளே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

ஓவியங்களைச் சட்டத்திலிருந்து கழற்றச் சொல்லி, வண்ணம் வெளிப்புறம் வருமாறு சுருட்டி, குழாயில் போட்டு வாங்க வேண்டும். எஸ்ஸவீராவின் பிற்பகல் காற்று விளையாட்டல்ல. விரித்த படத்தைத் தெருவில் கையில் பிடித்து நடந்தால் அது பாய்மரமாகிவிடும்.

கம்பளம் பற்றி அனுபவம் இல்லாதவர்கள் இங்கே அதை முதல் கொள்முதலாக வைத்துக்கொள்ள வேண்டாம். வாங்கியே ஆக வேண்டுமென்றால் பின்பக்கத்து முடிச்சுகளைப் பார்க்க வேண்டும், ஈரத் துணியால் சிவப்பு நிறத்தைத் தேய்த்துப் பார்க்க வேண்டும். ‘கற்றாழைப் பட்டு’ என்று விற்கப்படும் மினுமினுப்பான துணிகளில் பெரும்பாலானவை செயற்கை இழை. தஜீன் எனப்படும் கூம்பு மூடிச் சமையல் சட்டிகளில் வண்ணம் தீட்டியவற்றை அலங்காரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது, சிலவற்றின் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். சமைப்பதற்கு வண்ணமில்லாத சாதாரண மண் தஜீனைச் சமையல் பாத்திரக் கடையில் கேட்டு வாங்கலாம்.

9. விலை பேசுதல்

இப்போதுதான் விலை கேட்க வேண்டும். அதற்கு முன், இந்தப் பொருளுக்கு என்னளவில் என்ன மதிப்பு என்று ஓர் எண்ணை மனத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும். ‘பாதிக்குக் கேள், மூன்றில் ஒன்றுக்குக் கேள்’ என்ற பொது விதிகள் இங்கே பயன்படா. ஒருவர் இரண்டு மடங்கு சொல்வார், இன்னொருவர் கொஞ்சமே ஏற்றிச் சொல்வார், விலை எழுதி ஒட்டிய கடைகளும் உண்டு. நேர்மையாகச் சொன்னவரிடம் பாதிக்குக் கேட்டால் பேச்சு அங்கேயே முறியும்.

எடுத்துக்காட்டாக, நீங்கள் 250 திர்ஹாம் மதிப்பிட்ட பெட்டிக்குக் கடைக்காரர் 400 சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் எந்த எண்ணும் சொல்லாமல் பெட்டியைத் திரும்ப வைத்துவிட்டு, மற்றொன்றைப் பார்க்க வேண்டும். அவரே 350க்கு வருவார். அப்போது ‘இருநூறு’ என்று தொடங்கலாம். அவர் 300 சொல்லும்போது, ‘இந்தச் சின்னக் கிண்ணத்தையும் சேர்த்து முன்னூறு’ என்று கேட்பது, ஐந்து ஐந்தாகக் குறைப்பதைவிட இருவருக்கும் கட்டுப்படியாகும். அவருக்குச் சரக்கு நகர்கிறது, உங்களுக்குப் பட்டியலில் இன்னொரு பெயர் தீர்கிறது. நீங்கள் சொன்ன விலைக்கு அவர் ஒப்புக்கொண்ட பிறகு வாங்காமல் போவது அங்கே பெரிய அவமதிப்பு. அதனால்தான் வாங்கும் எண்ணம் இல்லாதபோது எண்ணே சொல்லக் கூடாது.

தேநீர் கொடுத்தால் குடிக்கலாம். அது விருந்தோம்பல், அதற்காக வாங்க வேண்டிய கடமை வந்துவிடாது. அவசரப்படாமல் எழுந்து, நன்றி சொல்லி, திரும்பிப் பார்க்காமல் நடப்பதுதான் கடைசி விலையை அறியும் வழி. பின்னால் குரல் வரவில்லை என்றால், அவர் சொன்னதே நியாயமான விலை என்று தெரிந்துகொண்டு மறுநாள் காலை கூச்சப்படாமல் போய் வாங்கலாம்.

மொழி பெரிய தடையில்லை. அரபிக்கு அடுத்தபடியாகப் பிரெஞ்சு எண்கள் எங்கும் செல்லும். பாரிஸ் தமிழர்களுக்கும் பிரெஞ்சு படித்த புதுச்சேரிக்காரர்களுக்கும் இங்கே கை ஓங்கியிருக்கும். மற்றவர்கள் செல்பேசியின் கணக்குப்பொறியில் எண்ணைத் தட்டிக் காட்டலாம். ஒரு குழப்பத்தை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்: சந்தையில் வயதானவர்கள் இன்னும் ‘ரியால்’ கணக்கில் விலை சொல்வார்கள். 20 ரியால் என்பது 1 திர்ஹாம். ‘நூறு ரியால்’ என்று கேட்டு மிரண்டு ஓட வேண்டாம், அது 5 திர்ஹாம்தான்.

தனியாகப் பட்டறை நடத்தும் தச்சரிடம் பேரத்தைக் கடைசிச் சொட்டு வரை பிழிவது எனக்கு உவப்பில்லை. கடைக்காரர் மொத்தத்தில் ஈடுகட்டிக்கொள்வார். தன் கையால் கடைந்ததை விற்பவருக்கு அந்த வசதி கிடையாது.

10. பணம் கொடுக்கும்போது

விலை யூரோவிலா திர்ஹாமிலா என்பதைக் கொடுக்கும் முன் மறுபடி உறுதி செய்ய வேண்டும். ‘முப்பது’ என்று பேசிவிட்டு யூரோ என்று சொல்வது நடக்கிறது. அட்டையில் செலுத்தினால் சில கடைகள் கூடுதல் சதவீதம் சேர்க்கும். இயந்திரம் உங்கள் நாட்டு நாணயத்திலா திர்ஹாமிலா என்று கேட்டால் திர்ஹாமையே தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மாற்று விகிதத்தில் இழப்பு வரும்.

தேர்ந்தெடுத்த பொருள் கண்முன்னே கட்டப்பட வேண்டும். ‘உள்ளே புதிது இருக்கிறது, எடுத்து வருகிறேன்’ என்றால், நீங்கள் சோதித்த அதே பொருள்தான் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கும் பெரிய மரப் பொருள்களுக்கும் கைப்பட எழுதிய ரசீதாவது வாங்க வேண்டும்.

11. கட்டி எடுத்து வருதல்

மெதினாவுக்குள் கார் வராது. மேசை போன்ற கனமான பொருளை வாசல் வரை கொண்டுசேர்க்கக் கைவண்டிக்காரர்கள் இருக்கிறார்கள். கூலியை ஏற்றும் முன்பே பேசிவிட வேண்டும்.

எண்ணெய்ப் புட்டிகள் 100 மில்லிக்கு மேல் இருந்தால் கைப்பையில் அனுமதி கிடையாது. ஆகவே மூடியை ஒட்டுநாடாவால் சுற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனி ஜிப் பையில் இட்டு, விமானத்தில் பதிவு செய்து அனுப்பும் பெட்டியின் நடுவில் துணிகளுக்குள் வைக்க வேண்டும். அம்லூவும் இதே கணக்கில் சேரும் என்பதைப் பலர் சோதனைச் சாவடியில்தான் அறிகிறார்கள். துயாப் பெட்டிகளுக்குள் காலுறை, துணி எதையாவது நிரப்பி, மூடியைத் துணிநாடாவால் கட்ட வேண்டும். ஒட்டுநாடா மெருகைப் பெயர்த்துவிடும். இரும்புத் தாளங்களைப் பதிவுப் பெட்டியில் வைத்தால் சோதனையில் நேரம் வீணாகாது.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்குத் திரும்புபவர்கள் மரம், நார், தோல் போர்த்திய கருவி எல்லாவற்றையும் வருகைப் படிவத்தில் அறிவிக்க வேண்டும். பூச்சித் துளை உள்ள மரத்தையோ மயிர் நீங்காத தோலையோ அங்கே தடுத்து நிறுத்துவார்கள். பழம்பொருள் என்று சொல்லி விற்கப்படுவது உண்மையிலேயே பழமையானதாக இருந்தால், மொராக்கோவிலிருந்து வெளியே எடுத்துச் செல்ல அனுமதி வேண்டும். பெரும்பாலும் அது பழமையானதாக இருக்காது, எப்படியானாலும் அதை விட்டுவிடுவதே வசதி.

வீடு வந்தபின் துயாப் பெட்டியைச் சில நாள் நேர் வெயிலும் ஏசிக் காற்றும் படாத இடத்தில் திறந்து வைக்க வேண்டும். ஈரத் துணியால் துடைக்காமல், ஆண்டுக்கு ஓரிரு முறை ஆளிவிதை எண்ணெயை ஒரு துளி மென்துணியில் தொட்டுப் பூசினால் போதும். அந்தத் துணியைச் சுருட்டி எறியாமல் விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போட வேண்டும், ஏனெனில் ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணி சுருண்டு கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்.